காப்பகத்திலிருந்து ஒரு துணை: எப்போது, எந்த விலங்கு?

வேதிசிகிச்சையின் நான்காம் சுற்றுக்காக வந்திருந்த அம்மையார் ஒருவர், மருந்து ஏறிக்கொண்டிருந்த வேளையில் செவிலியரிடம் தயங்கியவாறு கேட்டார்: "பகல் முழுவதும் வீட்டில் தனியாகவே இருக்கிறேன். காப்பகத்திலிருந்து ஒரு நாய்க்குட்டியை எடுத்து வளர்க்கலாமா, சிஸ்டர்?" அருகில் அமர்ந்திருந்த மகன் உடனே குறுக்கிட்டார்: "இந்த உடம்பை வைத்துக்கொண்டு நாயா? வேண்டாம்மா."

தாயின் விருப்பத்தில் நியாயம் இருந்தது. மகனின் அச்சத்திலும் நியாயம் இருந்தது. இதே கேள்வி வேறு பல குடும்பங்களிலும் எழுவதால், அன்று அவர்களுக்குக் கூறப்பட்ட விடையை இங்கே சற்று விரிவாகத் தருகிறோம். அதன் சுருக்கம் இது: வளர்க்கலாம், ஆனால் இப்போது வேண்டாம், குட்டியும் வேண்டாம்.

மருந்தன்று, பொறுப்பு

செல்லப்பிராணி வளர்ப்பு, குறிப்பாக நாய் வளர்ப்பு, இதயநோய் அபாயம் குறைவதோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2013-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அதே அறிக்கை, அந்த நன்மையை முதன்மை நோக்கமாகக் கொண்டு ஒரு விலங்கை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்றும் அறிவுறுத்துகிறது. நாய் உங்களைக் காலையும் மாலையும் நடக்க வைக்கும், தனிமையைக் குறைக்கும். ஆனால் அதற்கும் பசிக்கும், நோய் வரும். பத்து ஆண்டுகளுக்கு மேலும் அது உங்களை நம்பி வாழக்கூடும். ஆர்வத்தில் எடுத்துச் சென்று, முடியாமல் திருப்பி விடப்படும் விலங்குக்கு அது இரண்டாவது இழப்பாகும்.

ஏன் காத்திருக்க வேண்டும்?

வேதிசிகிச்சை மருந்துகள் பலவற்றில், மருந்து ஏறிய 7 முதல் 14 நாட்களுக்குள் இரத்த வெள்ளணுக்கள் மிகக் குறைகின்றன. அந்நாட்களில் சிறு கீறலும் பெருந்தொற்றாக மாறக்கூடும். உறுப்பு மாற்று அல்லது எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இந்த அபாயம் பல மாதங்கள் நீடிக்கும். ஆகவே, உங்கள் சிகிச்சைக் குழு ஒப்புதல் தரும்வரை புதிய விலங்கை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

ஏற்கெனவே வீட்டில் வளரும் நாயையோ பூனையையோ இதற்காகத் துரத்திவிட வேண்டியதில்லை. அது நலமாகவும் தடுப்பூசி போடப்பட்டதாகவும் இருந்தால், சில கட்டுப்பாடுகளோடு பெரும்பாலும் உடன் வைத்திருக்கலாம். உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் குட்டி வேண்டாம்?

குட்டிகள் விளையாட்டாகக் கடிக்கும், பிறாண்டும். குடற்புழுக்களும், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகளும் அவற்றிடம் அதிகம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட நாய்க்குட்டியையும், ஓராண்டுக்கு உட்பட்ட பூனைக்குட்டியையும் எதிர்ப்பாற்றல் குறைந்தோர் தவிர்ப்பது நல்லது.

காப்பகத்துக்கு வருவோரில் பலர் குட்டிகளையே தேடுகின்றனர். வளர்ந்த விலங்குகளோ நெடுநாள் காத்துக் கிடக்கின்றன. உடல் தேறிவரும் ஒருவருக்கு ஏற்றவை இவைதாம். இவற்றின் குணம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஓட்டமும் குதிப்பும் அடங்கியிருக்கும். நம் நாட்டு நாய்கள் இந்த வெயிலுக்குப் பழகியவை. குட்டை முடி என்பதால் பராமரிப்பும் எளிது. 1959-இல் தொடங்கப்பட்ட சென்னை புளூ கிராஸ் உள்ளிட்ட காப்பகங்களில் இத்தகைய நாய்கள் ஒரு வீட்டை எதிர்நோக்கியிருக்கின்றன.

காப்பகத்தில் கேட்க வேண்டியவை

• வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி எப்போது போடப்பட்டது? சான்று உள்ளதா?
• குடற்புழு நீக்கமும், உண்ணி நீக்கமும் செய்யப்பட்டனவா?
• கருத்தடை அறுவை சிகிச்சை நடந்ததா? தெருவிலிருந்து வந்த நாயாயின், ஒரு காதின் நுனியில் உள்ள சிறு வெட்டு அதற்கான அடையாளம்.
• தோலில் படர்தாமரை போன்ற திட்டுகளோ, வயிற்றுப்போக்கோ உள்ளனவா?
• முதியவர், குழந்தை, சக்கர நாற்காலி ஆகியவற்றின் அருகில் எப்படி நடந்துகொள்கிறது?

ஒரே நாளில் முடிவெடுக்காதீர்கள். இரண்டு மூன்று முறை சென்று பழகுங்கள். வீட்டுக்குக் கொண்டுவருமுன் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

விலங்கைத் தொட்ட பின்னும், உண்பதற்கு முன்னும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். முகத்தையும் புண்களையும் நக்க விடாதீர்கள். அதற்குப் பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள். மலம், சிறுநீர் அகற்றும் வேலையை நோயாளி செய்யலாகாது. பூனையின் மலத்தில் வெளிவரும் டாக்சோபிளாஸ்மா கிருமி, தொற்றும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும். எனவே மலத்தொட்டியை நாள்தோறும் மற்றொருவர் தூய்மை செய்தால் அபாயம் பெரிதும் குறையும். வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் அவரும் இதைத் தவிர்க்க வேண்டும்.

கடியோ கீறலோ பட்டால், ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். தடுப்பூசி போட்ட நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள். எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படலாம். ஆதலால் நீங்கள் பெறும் சிகிச்சையை மருத்துவரிடம் தவறாமல் தெரிவியுங்கள்.

இரண்டாவது ஆள் யார்?

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இதுவே. நீங்கள் மீண்டும் மருத்துவமனையில் சேர நேர்ந்தால், அன்றிரவு அதற்குச் சோறு வைப்பவர் யார்? நடக்க முடியாத நாட்களில் அதை வெளியே அழைத்துச் செல்பவர் யார்? ஒரு பெயரை உறுதியாகச் சொல்ல முடிந்த பிறகே காப்பகத்துக்குச் செல்லுங்கள். பராமரிப்பாளர் ஏற்கெனவே களைத்திருப்பவர் என்பதையும் மறவாதீர்கள். அவருடைய முழுச் சம்மதம் இன்றி இம்முடிவை எடுப்பது முறையன்று. சம்மதம் கிடைக்கவில்லை எனில், உடல் தேறிய பின், மருத்துவர் அனுமதித்தால், வாரம் ஒருமுறை காப்பகத்துக்குச் சென்று விலங்குகளோடு சிறிது நேரம் கழித்து வரலாம்.

அந்த அம்மையார் காத்திருந்தார். சிகிச்சை முடிந்து, இரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரான பின், மருத்துவரின் ஒப்புதலோடு ஆறு வயதுள்ள நாட்டு நாய் ஒன்றை எடுத்து வந்தார். குளிப்பாட்டுவதும் தூய்மை செய்வதும் மகனின் வேலை. சோறு வைப்பதும் பேசுவதும் தாயின் வேலை. முதலில் மறுத்த மகன்தான் இப்போது தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

உங்களுக்கும் இவ்விருப்பம் இருந்தால், அதை மனத்துக்குள் வைத்துக்கொள்ளாமல், அடுத்த முறை வரும்போது மருத்துவரிடம் கூறுங்கள். உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற காலத்தை அவர் சொல்வார்.