பழைய வண்டியின் நெடும்பயணம்

ஜவ்வாது மலைமீதுள்ள நெல்லிவாசல்நாட்டைச் சேர்ந்த ஒருவர், தம் பழைய மோட்டார் சைக்கிளைத் தொலைதூர மாநிலம் ஒன்றுக்கு அனுப்ப விரும்புகிறார் என்று கொள்வோம். அவ்வளவு தூரம் ஓட்டிச் செல்லுதல் வண்டிக்கும் ஆகாது, அவருக்கும் ஆகாது. தனி லாரி அமர்த்தினாலோ, 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்னும் பழமொழிக்கு அவரே சான்றாகிவிடுவார்.

இதற்குச் சிக்கனமான வழி ரயில் பார்சல். தனி லாரியின் செலவு முழுவதும் ஒருவர் தலையில் விழுகிறது. ரயிலின் பார்சல் பெட்டியிலோ பலருடைய சரக்குகள் ஒருங்கே செல்கின்றன. எடைக்கும் தொலைவுக்கும் உரிய கட்டணமே நம் பங்கு.

மலையிறங்கித் திருப்பத்தூரைக் கடந்தால், சென்னை, பெங்களூரு, சேலம் பாதைகள் கூடும் ஜோலார்பேட்டை வரும். ஆயினும், இடைநிலையங்களில் ரயில் சில நிமிடமே நிற்கும். வண்டியை ஏற்றவும் இறக்கவும் வசதியுண்டா என்று முன்னரே விசாரித்தல் வேண்டும். பெட்ரோலை முற்றும் வடித்து, விளக்கையும் கைப்பிடியையும் சாக்கினால் நன்கு பொதிந்து, பதிவுச் சான்றின் நகலோடு ஒப்படைக்க வேண்டும். சேர்ந்த இடத்தில் உரிய காலத்தில் எடுக்காவிடின் தாமதக் கட்டணம் ஏறும்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பின்னர்ப் புதுப்பிக்க வேண்டும். பிற மாநிலத்தில் 12 மாதங்களுக்குமேல் வைத்திருப்பின், அங்கே மறுபதிவும் தேவை. அதற்கான தடையின்மைச் சான்றை இங்கேயே பெற்றுச் செல்லல் நலம். இச்செலவுகளின் கூட்டுத்தொகை வண்டியின் விலையை மிஞ்சுமாயின், அதனை இங்கேயே விற்றுவிடுவதுதான் அறிவுடைமை.