தாயை அறிய மகனைப் பார்!

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவன்)

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்பது நம் நாட்டுப் பழமொழி. தாயைப் பார்த்துப் பிள்ளையை எடைபோடுவது உலக வழக்கு. ஆனால் பிள்ளையைப் பார்த்தால்தான் தாய் யாரென்று தெரியும் என்ற விந்தையும் உண்டு. நம் இராமேசுவரம் தீவில் அவ்வாறு அடையாளம் காணப்பட்ட தாய், ஒரு கொசு!

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். ஒரு நாள் அந்தி நேரத்தில் டார்ச் விளக்கும் கண்ணாடிக் குழாயுமாக எங்கள் மாட்டுத் தொழுவத்தில் கொசு பிடித்துக்கொண்டிருந்தேன். குழாயின் ஒரு முனையை வாயில் வைத்து உறிஞ்சினால் சுவரில் இருக்கும் கொசு உள்ளே வந்துவிடும். வாய்க்குள் போகாமல் நடுவே வலைத்துணி தடுக்கும். இதைப் பார்த்த அப்பத்தா, "காலேசுல படிக்கிற புள்ள கொசுவப் புடிச்சு என்னய்யா பண்ணப் போற? எல்லாம் கொசுதானே, அடிச்சுப் போடு" என்றார். அப்போது எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அந்த விடையே இக்கட்டுரை.

எல்லாம் கொசுதானா?

மலேரியாவைப் பரப்புவது பெண் அனாபிலஸ் கொசு என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியின் வளர்ச்சியைக் கண்ட கதையையும் அறிவோம். ஆனால் அனாபிலஸ் எல்லாமே மலேரியாவைப் பரப்புவதில்லை. நம் நாட்டுக் கிராமங்களில் இந்நோயைப் பரப்புவதில் முதன்மையானது அனாபிலஸ் குலிசிபேசிஸ் என்னும் இனம்.

இதன் கொடுமைக்கு அண்டை நாடான இலங்கையே சான்று. 1934இல் அங்கே பருவமழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் வற்றி ஆங்காங்கே தெளிந்த குட்டைகளாக நின்றன. வெயில் படும் தெளிந்த நீரே இக்கொசு முட்டையிட விரும்பும் இடம். 1935ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். வெள்ளம் வந்தால் நோய் வரும் என்பார்கள். அங்கே வெள்ளம் வராததால் நோய் வந்தது!

தொழுவமே ஆய்வுக்கூடம்

ஆய்வுக்கூடக் கூண்டில் வளரும் கொசு, கொடுத்த இரத்தத்தைக் குடிக்கும். வைத்த கிண்ணத்தில் முட்டையிடும். வெளியே அது மாட்டை நாடுமா, மனிதனை நாடுமா என்பதைக் கூண்டு சொல்லாது. ஆகவே ஆராய்ச்சியாளர்கள் தொழுவங்களுக்கும் வீடுகளுக்கும் சென்று கொசுக்களைப் பிடிக்கிறார்கள். வயிற்றிலுள்ள இரத்தத்தை வடிதாளில் தடவிச் சோதித்தால் கடைசியாக யாரைக் கடித்தது என்று தெரியும். உமிழ்நீர்ச் சுரப்பியை அறுத்துப் பார்த்தால் ஸ்போரோசோயிட்டுகள் இருக்கின்றனவா என்று தெரியும். முட்டைகள் பாதி முதிர்ந்த நிலையில் சூலகத்தை எடுத்தால், அதன் செல்களிலுள்ள பெரிய குரோமோசோம்களில் வரிவரியாகப் பட்டைகள் தெரியும்.

இந்தப் பட்டைகளே ஓர் உண்மையை வெளிக்கொணர்ந்தன. குலிசிபேசிஸ் என்பது ஒரே இனமன்று என்று 1980இல் கிரீன், மைல்ஸ் ஆகிய இருவரும் காட்டினர். பின்னர் இந்திய அறிவியலாளர்களின் உழைப்பால் ஏ, பி, சி, டி என நான்கு இனங்கள் பிரித்தறியப்பட்டன. புறத்தோற்றத்தில் இவற்றிடையே வேறுபாடு காண இயலாது. ஆயினும் இயற்கையில் ஒன்றோடொன்று கலப்பதில்லை. இவற்றுள் பி இனம் பெரும்பாலும் மாட்டின் இரத்தத்தையே குடிப்பது. மலேரியாவைப் பரப்புவதில் மிகவும் பின்தங்கியது.

இராமேசுவரத்துப் புதிர்

இங்கேதான் சிக்கல் எழுந்தது. இராமேசுவரம் தீவின் கொசுக்களில் பி இனத்துக்குரிய பட்டைகளே காணப்பட்டன. பி இனம் மலேரியாவைப் பரப்பாது என்றால் தீவில் மலேரியாவைப் பரப்புவது யார்?

ஆராய்ச்சியாளர்கள் பெண் கொசுக்களை உயிருடன் பிடித்து, தனித்தனியே முட்டையிடச் செய்து, குஞ்சுகளை வளர்த்தனர். பின்பு ஆண் பிள்ளைகளின் ஒய் குரோமோசோமை நுண்ணோக்கியில் பார்த்தனர். சில தாய்களின் மகன்களுக்கு அதன் இணைப்புப் புள்ளி ஒரு முனையில் இருந்தது. வேறு சிலவற்றின் மகன்களுக்கு நடுவை ஒட்டி இருந்தது. மலேரியாக் கிருமியைச் சுமந்த தாய்களின் மகன்கள் இந்த இரண்டாம் வகையினர்! 1999இல் இது ஈ என்ற ஐந்தாவது இனமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் இலங்கையிலும் பி, ஈ இரண்டும் இருப்பது தெரியவந்தது.

பெண் கொசுவுக்கு ஒய் குரோமோசோமே கிடையாது. மகனுக்கு அது தந்தையிடமிருந்து வருகிறது. அப்படியிருக்கத் தாயின் இனத்தை அது எப்படிக் காட்டும்? இயற்கையில் இவை தம் இனத்தோடு மட்டுமே கூடுவதால், தந்தையின் இனம் எதுவோ அதுவே தாயின் இனம். கூண்டுக்குள் நாமே இணை சேர்த்திருந்தால் இந்தச் சான்று பொருளற்றதாகியிருக்கும். காட்டிலும் தொழுவத்திலும் தானாக வாழ்ந்த கொசுவே இதைச் சொல்ல முடியும்.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். பட்டைகளை மட்டும் நம்பி "இது பி இனம், அஞ்ச வேண்டாம்" என்று எழுதிவைத்தால், அந்த ஒரு வரிக்கு விலை கொடுப்பவர்கள் ஊர் மக்கள்தாம். எங்கே மருந்து தெளிப்பது, எந்த நீர்நிலையைக் கவனிப்பது என்பதெல்லாம் எந்தக் கொசு குற்றவாளி என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தவை.

நான் பிடித்த கொசுக்கள் பதினொன்று. கல்லூரிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் எல்லாம் செத்துவிட்டன. பத்து கியூலெக்ஸ். சிறகில் கரும்புள்ளிகளோடு இருந்த ஒன்றைப் பார்த்த எங்கள் ஆசிரியர், "குலிசிபேசிஸ்தான்" என்றார்.

"எந்த இனம் சார்? பியா, ஈயா?"

"அதைத் தெரிந்துகொள்ள அது உயிரோடு இருந்து முட்டையிட்டிருக்க வேண்டுமே!" என்று சிரித்தார்.

அடுத்த விடுமுறையில் ஈரத்துணி சுற்றிய கூண்டோடு ஊருக்குப் போவேன். அப்பத்தா மறுபடியும் கேட்டால் சொல்ல விடை இருக்கிறது: அடித்துப் போட்ட கொசு, தான் யாரென்று சொல்லாது அப்பத்தா.