மருந்தும் விலையும்

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்டது வல்லம் வட்டாரம். நெல்லும் நிலக்கடலையும் இங்கே விளைகின்றன. உழவர் தம் விளைபொருளை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டு செல்கின்றனர். அங்கே வணிகர் விலை கேட்கின்றனர். அன்றைய விலை யாவரும் அறிய அறிவிக்கப்படுகின்றது. மூட்டை கண்ணெதிரே நிறுக்கப்படுகின்றது. ஆனால், அதே உழவர் நோயுற்று மருத்துவமனைக்குச் செல்லும்போது, தாம் கொடுக்கும் பணம் எதற்கு எவ்வளவு என்பதை அறியாமலே கொடுத்துவிட்டு வருகின்றார். விற்கும்போது விலையறிந்தவர், வாங்கும்போது அறியாதிருத்தல் வியப்பன்றோ?

இதற்குக் காரணம் உண்டு. துணி வாங்குவோர் ஒரு கடையில் விலை மிகுதியெனின் மறு கடைக்குச் செல்வர், வாங்காமலும் இருப்பர். நோயாளிக்கோ அவ்வாய்ப்பு இல்லை. வலி பொறுக்காது, காலம் காத்திராது. எம்மருந்து வேண்டும் என்பதையும் மருத்துவரே முடிவு செய்கின்றார். பணம் கொடுப்பவர் ஒருவர்; பொருளைத் தெரிந்தெடுப்பவர் மற்றொருவர். இந்நிலையில் வாணிகப் போட்டி ஒன்றே விலையை அடக்கி வைத்தல் அரிது. ஆகவேதான் அரசாங்கம் இடைநின்று நோயாளியைக் காக்க வேண்டியுள்ளது.

சில ஆண்டுகளுக்கு முன் எம்மூர் உழவர் ஒருவர் தம் மனைவியாரைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்திருந்தார். நோய் நீங்கிற்று. வீடு திரும்பும் நாளில் அவர் கையில் ஒரு சீட்டுக் கொடுக்கப்பட்டது. அதில் ‘மருந்தும் பிறவும்’ என்று ஒரே வரி. அதன் எதிரே ஒரு பெருந்தொகை. கறவைப் பசுவை விற்க ஆள் தேடிக்கொண்டு அவர் என்னிடம் வந்தார்.

“கணக்கை விரித்துக் கேட்டீரா?” என்றேன்.

“உயிரைக் காத்தவர்களிடம் கணக்குக் கேட்கலாமா, ஐயா?” என்றார் அவர்.

“உயிர் காத்ததற்கு நன்றி கூறுவோம்; கணக்கும் கேட்போம். இரண்டும் ஒன்றற்கொன்று பகையல்ல” என்று கூறி உடன் சென்றேன். பணிவாகக் கேட்டவுடன் விரிவான பட்டியல் தந்தனர். படித்துப் பார்த்தபோது, விலை மிகுந்த ஊசிமருந்து ஒன்று இரு முறை எழுதப்பட்டிருந்தது. எழுத்தர் பிழையை ஒப்புக்கொண்டு திருத்தித் தந்தார். பசு கொட்டிலிலேயே நின்றது.

விலையை வெளிப்படையாக்கும் முயற்சி நம் நாட்டில் புதியதன்று. 1962-இல் சீனப் படையெடுப்பு நிகழ்ந்த காலத்தில், மருந்துகளின் விலையைக் காட்டி வைக்க வேண்டும் என்று ஓர் ஆணை பிறந்தது. அடுத்த ஆண்டில் விலைக்கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பின்னர், 1955-ஆம் ஆண்டின் இன்றியமையாப் பண்டங்கள் சட்டத்தின்கீழ் 1970-இலும், அதன்பின் பலமுறையும் மருந்து விலை ஆணைகள் இயற்றப்பட்டன. இப்போது நடைமுறையில் உள்ளது 2013-ஆம் ஆண்டின் ஆணை. 1997-இல் அமைக்கப்பட்ட தேசிய மருந்து விலை ஆணையம் இதனை நிறைவேற்றி வருகின்றது.

இன்றியமையா மருந்துகளுக்கு உச்ச விலை எவ்வாறு வகுக்கப்படுகின்றது? ஒரே மருந்தைப் பல நிறுவனங்கள் பல பெயர்களில் விற்கின்றன. அவற்றுள் விற்பனையில் நூற்றுக்கு ஒரு பங்கேனும் உடையவற்றை எடுத்து, கடைக்காரருக்கு அவை கிடைக்கும் விலைகளின் சராசரியைக் காண்பர். அதனுடன் கடைக்காரரின் ஊதியமாக நூற்றுக்குப் பதினாறு சேர்ப்பர். சான்றாக, ஒரு மாத்திரையின் விலை மூன்று நிறுவனங்களில் முறையே 2, 3, 4 ரூபாய் எனக் கொள்வோம். சராசரி 3 ரூபாய். 16 விழுக்காடு சேர்த்தால் 3 ரூபாய் 48 காசு. வரி நீங்கலாக, இதற்கு மேல் எவரும் விலை வைத்தல் கூடாது.

மருந்துக்கடையில் விலைப்பட்டியல் எல்லாரும் காணும் இடத்தில் இருத்தல் வேண்டும் என்பதும், உறையில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்றல் கூடாது என்பதும் அவ்வாணையின் விதிகள். அச்சிட்ட உச்ச விலை வரிகள் அனைத்தையும் உள்ளடக்கியது.

இதயக் குழாய் அடைப்பை நீக்கப் பொருத்தும் ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழலின் வரலாறு அறியத்தக்கது. மருந்து பூசிய குழல் ஒன்றன் விலை சராசரியாக ஓரிலட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தது. 2017 பிப்ரவரியில் ஆணையம் அதற்கு 29,600 ரூபாயும், மருந்து பூசாத குழலுக்கு 7,260 ரூபாயும் உச்ச விலையாக விதித்தது. இவ்விலைகள் பின்னர்த் திருத்தப்பட்டுள்ளன. குழலின் விலையையும் பெயரையும் செய்த நிறுவனத்தையும் பட்டியலில் தனியே காட்ட வேண்டும் என்றும் அன்றே ஆணையிடப்பட்டது. ஒரே வரியில் எல்லாவற்றையும் அடக்கும் வழக்கத்துக்கு அது தடையாயிற்று.

மருத்துவமனைக் கட்டணத்தைப் பற்றியும் சட்டம் உண்டு. 2010-இல் நடுவணரசு இயற்றிய மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் விதிகள், ஒவ்வொரு பணிக்கும் உரிய கட்டணத்தை வட்டார மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்கப் பணிக்கின்றன. நம் மாவட்டத்தை அடுத்துள்ள புதுச்சேரிக்கு அச்சட்டம் உரியது. தமிழ்நாட்டுக்கு 1997-ஆம் ஆண்டின் தனிச்சட்டம் உள்ளது. அமெரிக்க நாட்டிலும் 2021 முதல் மருத்துவமனைகள் தம் கட்டணங்களை வெளியிடல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. இக்குறை செல்வ நாட்டிலும் உண்டு என்பது இதனால் விளங்கும்.

விலை தெரிந்தும் கொடுக்க இயலாதார்க்கு யாது வழி? அதற்காகவே அரசு மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டும் மருந்துகளை மொத்தமாக வாங்க, 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது. ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாகக் கொள்வதால் விலை குறைகின்றது. நோயாளிக்கு மருந்து விலையின்றிக் கிடைக்கின்றது. விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளது.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுவோர் என மருத்துவத்தை நான்கு கூறாக்கினார். எழுதப்படிக்கத் தெரிந்த மாணவர்களே, உங்கள் வீட்டில் நான்காவது இடம் பெரும்பாலும் உங்களுக்கு உரியதாகும். பாட்டியாருக்கு மருந்து வாங்கச் செல்லும்போது உறையில் உள்ள விலையையும் காலாவதி நாளையும் படியுங்கள். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவமனைப் பட்டியலை வரிவரியாக நோக்குங்கள். ஐயம் எழுந்தால் பணிவாக வினவுங்கள். மருத்துவர் தரும் மருந்தை விலை கருதி நீங்களாக நிறுத்தலும் மாற்றலும் ஆகா. அதனை அவரிடமே கேட்டுத் தெளியுங்கள்.

சட்டம் விலையை எழுதி வைக்கும். அதனைப் படிப்பவர் இல்லையேல், எழுத்தால் பயன் என்ன?