கையேடு பேசும் வகுப்பறை
1987இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், வறிய பிள்ளைகள் படிக்கும் பாடசாலை ஒன்றில் 'சக்ஸஸ் ஃபோர் ஓல்' தொடங்கியது. ரொபர்ட் ஸ்லாவினும் நான்சி மேடனும் வகுத்த வாசிப்புத் திட்டம் அது. தினமும் 90 நிமிடம் வாசிப்பு மட்டும்தான். அந்நேரத்தில் வயதைப் பாராமல், வாசிக்கும் அளவைப் பார்த்தே குழு பிரிப்பார்கள். நம்ம குர்ஆன் மத்ரஸாவில் அலிஃப் பே ஓதுறவர் ஒரு பக்கம், குர்ஆன் ஓதுறவர் ஒரு பக்கம் இருப்பது மாதிரி. ஏறத்தாழ எட்டு வாரத்துக்கொரு தடவை சோதித்துக் குழு மாற்றுவார்கள். பின்தங்கும் பிள்ளைக்குத் தனியாக 20 நிமிடம் சொல்லிக்கொடுப்பார்கள்.

ஆசிரியர் எதை, எந்த ஒழுங்கில், எத்தனை நிமிடத்தில் செய்ய வேண்டும் என்பதெல்லாம் கையேட்டில் இருக்கும். மனத்தாங்கல் அங்கேதான். திட்டத்தை ஏற்க 80 சதவீத ஆசிரியர்கள் இரகசியமாக வாக்களிக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. நல்ல விதிதான், ஆனால் வாக்களித்தவருக்கும் வகுப்பில் நின்றால் கை கட்டின மாதிரித்தானே இருக்கும்!

கலிபோர்னியாவின் இரு பாடசாலைகளை ஆராய்ந்து அமண்டா டட்னோவும் மரிசா காஸ்டெல்லானோவும் 2000இல் எழுதினார்கள். பழைய டீச்சர்மார் எதிர்ப்பார்கள், புதியவர்கள் ஏற்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். அனுபவம் பொதுவாக அப்படிப் பிரிக்கவில்லை. சுதந்திரம் போச்சு என்று முறையிட்ட பலரே, பிள்ளைகளுக்குப் பயன் உண்டு என்று திட்டத்தை ஆதரித்தார்கள். ஆதரித்தவர்களும் கையேட்டை அப்படியே பின்பற்றவில்லை. தங்கள் வகுப்புக்கேற்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சம் மாற்றிக்கொண்டார்கள்.