மேகம் வந்தால் லீவு!

'நைட் ஷிஃப்ட்' என்று மூக்கால் அழும் சாஃப்ட்வேர் அன்பர்களே, ஜவ்வாது மலைக் காவலூரைக் கொஞ்சம் பாருங்கள். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் வேலையே ராத்திரிதான்! 'க்ளவுட்' உங்களுக்குச் சோறு போடும். அங்கேயோ மேகம் மூடினால், 1986-ல் வந்த 2.34 மீட்டர் தொலைநோக்கியும் தூங்க வேண்டியதுதான். 'டெட்லைன் என்னாச்சு?' என்று வானத்தை எந்த மேனேஜர் மிரட்டுவார்?

ஆனால், 1977 மார்ச் 10-ல் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே யுரேனஸ் போன ராத்திரி, கண் விழித்ததற்குக் கூலி கிடைத்தது. யுரேனஸுக்கு வளையம் உண்டென்று கண்டவர்களில் காவலூர்க்காரர்களும் சேர்ந்தார்கள்.

நீங்கள் விழித்திருப்பதோ, அமெரிக்காவில் பொழுது விடிந்துவிட்டதே என்று!

இதை நான் சொன்னதும் ஐ.டி. நண்பர் ஒருத்தர் ஆவலாகக் கேட்டார்: "பாஸ், அங்கே கம்ப்யூட்டருக்கு ஆள் எடுக்கறாங்களா?"