கிணற்றில் கரிப்பது எந்தக் கடல்?

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே, கடலோரக் கிராமங்களில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரு வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். சற்றுத் தள்ளி இன்னொரு கிணறு. அதில் ஒரு வாய் குடித்தால் துப்ப வேண்டியதுதான். அவ்வளவு கரிப்பு!

அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. வயலுக்குப் பாய்ச்சினால் பயிர் கருகும். வீட்டுப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தூரத்துக் குழாய்க்கு நடப்பார்கள்.

உப்பு எங்கிருந்து வந்தது?

"இதில் என்ன சந்தேகம்? கடல் புகுந்துவிட்டது" என்பார்கள். 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தபோது அப்படித்தான் நடந்தது. கடலூர் மாவட்டக் கரையோரத்தில் வயல்களிலும் கிணறுகளிலும் கடல் நீர் புகுந்ததை ஜனங்கள் கண்ணால் பார்த்தார்கள். அந்த உப்புக்கு விசாரணை தேவையில்லை.

மற்ற நாட்களில் விஷயம் அத்தனை சுலபம் அல்ல. மோட்டார் போட்டு நல்ல தண்ணீரை அளவுக்கு மீறி உறிஞ்சினால், காலியான இடத்துக்குப் பூமிக்கு அடியிலேயே கடல் நகர்ந்து வரும். அல்லது பழங்காலத்துக் கடல் நீர் களிமண்ணுக்குள் சிறைப்பட்டுக் கிடக்கும். உப்பங்கழி, இறால் பண்ணை ஆகியவற்றில் வெயிலில் சுண்டிய நீர் கீழே இறங்கியும் இருக்கலாம். மண்ணில் படிந்த பழைய உப்பை மழை கரைத்துக் கொண்டு போவதும் உண்டு.

எந்த உப்பாக இருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் சங்கடம்! இன்றைய கடல்தான் வருகிறது என்றால், மோட்டார் ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். ஏரி குளங்களை நிரப்பி மழை நீரைப் பூமிக்குள் அனுப்ப வேண்டும். தாமதித்தால் பக்கத்துக் கிணறும் போய்விடும். சிறைப்பட்ட பழைய உப்பு என்றால், மோட்டாரை நிறுத்தியும் பிரயோஜனம் இல்லை. வேறு ஆழத்தில் குழாய் இறக்கிப் பார்ப்பதுதான் வழி. நோய் ஒன்று, மருந்து வேறொன்று என்று ஆனால், நகையை அடகு வைத்துப் போட்ட ஆழ்குழாயும் வீண்தான்!

இரட்டைப் பிள்ளைகள்

நாக்குக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அணுவுக்குத் தெரியும்.

தண்ணீர் என்பது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தது. ஆக்சிஜன் அணுக்கள் எல்லாம் ஒரே எடை அல்ல. பெரும்பாலானவற்றின் எடை 16. சுமார் 500 அணுக்களுக்கு ஒன்று வீதம் 18 எடையுள்ள அணுவும் கலந்திருக்கும். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி! முகம் ஒன்று, குணம் ஒன்று, எடை மட்டும் வேறு. இப்படிப்பட்ட அணுக்களுக்கு ஐசோடோப்பு என்று பெயர்.

ஒரு தாம்பாளத்தில் தண்ணீரை வெயிலில் வையுங்கள். லேசான அணு உள்ள நீர் முந்திக்கொண்டு ஆவியாகும். கனமானது பின்தங்கும். ஆகவே வெயிலில் சுண்டிய நீரில் கன அணு அதிகம். மழை நீரில் குறைவு. கடல் நீர் இந்தக் கணக்கில் மழை நீரைவிடக் கனமானது.

இப்போது கரிக்கும் கிணற்றைச் சோதிக்கலாம். உப்பு அதிகம், ஆனால் கன அணு மழை நீரின் அளவிலேயே இருக்கிறது. அப்படியானால் மழைதான் மண்ணில் கிடந்த உப்பைக் கரைத்திருக்கிறது. உப்பும் கன அணுவும் சேர்ந்தே ஏறுகின்றனவா? கடல் கலந்திருக்கலாம், அல்லது நீர் சுண்டியிருக்கலாம். அந்த இரண்டையும் பிரிக்கக் கன ஹைட்ரஜனின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். சுண்டிய நீரில் அது ஆக்சிஜனுக்கு ஈடுகொடுத்து ஏறாது.

நீருக்கும் ஜாதகம்!

கடல் நீர்தான் என்று தெரிந்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி. எந்தக் காலத்துக் கடல்?

காற்றில் உள்ள கார்பன்-14 என்ற கதிரியக்க அணு, மண் வழியாக நிலத்தடி நீரிலும் கரைகிறது. கடல் நீரிலும் இருக்கிறது. பூமிக்குள் நீர் அடைபட்டதும் புது வரவு நின்றுவிடும். இருப்பது 5,730 ஆண்டுகளுக்கு ஒரு முறை பாதியாகும். மிச்சத்தை அளந்தால் தண்ணீரின் வயது தெரிந்துவிடும்.

இன்னொரு கடிகாரம் மனிதன் தெரியாமல் வைத்தது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெடித்த ஹைட்ரஜன் குண்டுகளால் டிரிட்டியம் என்ற அணு உலகெங்கும் மழையில் இறங்கியது. அது ஒரு நீரில் காணப்பட்டால், அந்த நீர் குண்டுக் காலத்துக்குப் பிந்தியது என்று சொல்லிவிட்டார்கள். 12 ஆண்டுகளுக்குச் சற்று மேலானால் அது பாதியாகிவிடும். அதனால் இப்போது பெரும்பாலும் தேய்ந்துபோயிற்று.

சிதம்பரத்துக்குத் தெற்கே, காரைக்காலிலும் தஞ்சைக் கடலோரத்திலும் இந்தச் சோதனை நடந்தது. ஐதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பி.எஸ். சுகிஜாவும் அவருடைய கூட்டாளிகளும் 1996-ல் அந்த ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். கார்பன் வயது, உப்புகளின் கலவை, நீரில் தங்கிய உயிர்ப்பொருள்களின் அடையாளம் ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், பழங்கடலின் உப்பையும் இன்றைய கடலின் உப்பையும் பிரித்து அறியலாம் என்று காட்டினார்கள்.

பழங்கடல் உள்ளே வந்ததா என்று சிதம்பரத்தார் வியக்க வேண்டியதில்லை. ஊரின் பழைய பெயரே தில்லை! தில்லை மரம் உப்புச் சேற்றில் வளரும் மரம். இன்று அதைப் பார்க்கக் கிழக்கே பிச்சாவரம் சதுப்புக் காட்டுக்குப் போக வேண்டும். சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிடச் சற்று உயர்ந்திருந்தது என்பதும் விஞ்ஞானிகள் கண்ட உண்மை.

பாலைவனத்தில் உப்பு

கடலே இல்லாத பாலைவனத்திலும் இந்தத் துப்பு உதவியது. ராஜஸ்தானத்துச் சாம்பர் ஏரியின் உப்பு, கட்ச் பகுதியிலிருந்து வெயில் காலக் காற்று சுமந்து வந்தது என்று ஹாலந்து, கிறிஸ்டி என்ற இருவர் 1909-ல் கூறினார்கள். பழங்கடலின் மிச்சம் என்றவர்களும் உண்டு. அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தார் 1993-ல் வெளியிட்ட ஐசோடோப்புச் சோதனை, அந்த ஏரி நீர் மழை நீர்தான், வெயிலில் சுண்டியது என்று காட்டியது. தண்ணீர் பிறந்த இடம் வேறு, உப்பு பிறந்த இடம் வேறாக இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

தென் அமெரிக்காவில் சிலி நாட்டு அடகாமா பாலைவனத்துக் கதை இன்னும் ருசியானது. அங்கே உள்ள நைட்ரேட் உப்பு உரத்துக்கும் வெடி மருந்துக்கும் ஆகும். அதற்காக 1879-ல் மூன்று நாடுகள் போரே தொடங்கின! அந்த உப்பு எப்படி வந்தது? கடற்பாசி என்றார்கள், பறவை எச்சம் என்றார்கள். 2004-ல் விடை கிடைத்தது. ஓசோன் வாயுவில் 17 எடையுள்ள ஆக்சிஜன் வழக்கத்துக்கு மேல் உண்டு. அதே முத்திரை அந்த உப்பிலும் இருந்தது. பெரும்பகுதி ஆகாயத்தில் உண்டாகி, பொடிப்பொடியாக விழுந்தது! கழுவிக்கொண்டு போக மழை இல்லாததால் லட்சக்கணக்கான ஆண்டுகள் அப்படியே குவிந்தது.

நெய்வேலியின் கவலை

கடலூருக்கு இந்த விசாரணை வேடிக்கை அல்ல. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பொங்கி உடைந்துவிடும். ஆகவே இரவு பகலாக இறைக்கிறார்கள். அதே மணற்பாறை நீர்தான் கடலூர்ப் பக்கத்தில் பல ஊர்களுக்குக் குடிநீர், வயலுக்குப் பாசனம். இந்தப் பக்கம் இறைக்க இறைக்க, அந்தப் பக்கம் கடல் நகருமோ என்ற கவலை நியாயமானதே.

கெடில நதிப் பகுதியின் நிலத்தடி நீரை அண்ணாமலைப் பல்கலைக்கழகப் புவி அறிவியல் துறையினர் ஐசோடோப்பு முறையில் ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள். சோதனைக்கு நீர் எடுப்பதே ஒரு கலை. கிணற்றில் தேங்கிய பழைய நீரை முதலில் இறைத்துத் தள்ள வேண்டும். பிறகு சிறு புட்டியில் காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி இறுக மூட வேண்டும். உள்ளே துளி ஆவியானாலும் கணக்குத் தப்பும். கார்பன் வயது பார்க்க முன்பெல்லாம் பீப்பாய்க் கணக்கில் தண்ணீர் பிடித்து, அதில் கரைந்த கார்பனைக் கிணற்றடியிலேயே படிய வைத்து எடுத்துப் போவார்கள். புதிய கருவிகள் வந்த பிறகு ஒரு புட்டித் தண்ணீர் போதும்.