இயற்கை மருத்துவக் கல்லூரிச் சமூகத்தில் தலைமை: உருளிகாஞ்சன் மரபும் கொங்கு நாட்டுச் சூழலும்

திறவுச்சொற்கள்: இயற்கை மருத்துவம், தலைமை, உருளிகாஞ்சன், மணிபாய் தேசாய், குருகுலக் கல்வி, கொங்கு நாடு.

முன்னுரை

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்து முடிகிறது: நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து கவனிப்பவன். இவ்வரிசையில் நோயாளி முதலில் நிற்பது கருதத்தக்கது. உணவு, நீர், மண், வெயில் ஆகியவையே மருந்தாகும் இயற்கை மருத்துவத்தில் அவ்வரிசை இன்னும் பொருந்துகிறது. மாத்திரையை எழுதிக் கொடுத்துவிடலாம்; உண்ணாநோன்பை நோயாளியே மேற்கொண்டாக வேண்டும். எனவே இத்துறையில் தலைமை என்பது பெரிதும் இணங்கவைக்கும் ஆற்றலாகும். அது ஒரு கல்லூரிச் சமூகத்துக்குள் எவ்வாறு உருவாகக்கூடும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

உருளிகாஞ்சன் தரும் சான்று

புனேயில் தின்ஷா மேத்தா நடத்திவந்த இயற்கை மருத்துவ நிலையத்தின்வழி ஏழைகளுக்குத் தொண்டாற்றலாம் எனக் காந்தியடிகள் முதலில் எண்ணினார். நகர நிலையம் ஏழைகளுக்குப் பயன்படாது என்று உணர்ந்ததும், 1946இல் ஹரிஜன் இதழில் தம் பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவ்வாண்டு மார்ச்சு மாதம் புனேக்கு அருகிலுள்ள உருளிகாஞ்சன் என்னும் சிற்றூரில் சிகிச்சையைத் தொடங்கினார். அங்கு அவர் தங்கியது சில நாள்களே. பின்னர்ப் பொறுப்பை ஏற்ற மணிபாய் தேசாய் மருத்துவர் அல்லர். 26 வயது நிரம்பாத அறிவியல் பட்டதாரி.

1993இல் மறையும் வரை தேசாய் அவ்வூரையே தம் களமாகக் கொண்டார். ஆசிரமத்தோடு பள்ளி, வேளாண்மை, கால்நடை வளர்ப்பு எனப் பணி விரிந்தது; 1967இல் பாய்ஃப் நிறுவனம் உருவாயிற்று; 1982இல் மகசேசே விருது கிடைத்தது. தொடங்கியவரின் புகழைக் கொண்டே நிறுவனம் நடந்தது என்று கூறுவோர் உண்டு. ஆனால் ஊர்மக்களின் நம்பிக்கையைப் புகழ் பெற்றுத் தந்திருக்காது. அது ஓரிடத்தில் நிலைத்துத் தங்கியவர் ஈட்டியது என்றே கொள்ள வேண்டும்.

ஆசிரமத்திலிருந்து கல்லூரிக்கு

தமிழகத்தில் சென்னை அரும்பாக்கத்தில் 2000ஆம் ஆண்டு அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. கொங்குப் பகுதியில் கோவை, ஈரோடு, குமாரபாளையம் ஆகிய இடங்களில் தனியார் கல்லூரிகள் உள்ளன. பயிற்சிக் காலம் உள்பட ஐந்தரை ஆண்டுப் படிப்பு இது. ஆசிரமத் தலைவருக்கு வாழ்க்கையே தகுதி. கல்லூரி முதல்வருக்கோ பட்டம், பணிமூப்பு, பல்கலைக்கழக விதிகள். இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் (2020) ஆயுர்வேதம், சித்தா, யுனானி, சோவா-ரிக்பா ஆகியவற்றையே உள்ளடக்குகிறது; இயற்கை மருத்துவம் அதன் வரம்பில் இல்லை. இதனால் துறையின் தலைமையிலிருப்போர் ஏற்பு வேண்டி முயல்வதிலும் பெரும் ஆற்றலைச் செலவிட நேர்கிறது. மைய ஒழுங்காணையம் இல்லாத இடத்தில் கல்லூரி தனக்குத்தானே வகுத்துக்கொள்ளும் ஒழுங்கின் எடையும் கூடுகிறது.

கொங்கு நாட்டுச் சூழல்

அவ்வொழுங்குக்கு முன்மாதிரி கோவையிலேயே உண்டு. தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் 1930இல் தொடங்கிய இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் இயற்கை மருத்துவ நிறுவனம் அன்று. எனினும் பெரியநாயக்கன்பாளையத்தில் 1934இல் காந்தியடிகள் அடிக்கல் நாட்டிய அந்நிறுவனம், ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் வாழ்ந்து உடலுழைப்பைப் பகிரும் குருகுல முறையை நவீனக் கல்வியோடு இணைத்தது. இயற்கை மருத்துவக் கல்லூரியில் இதற்கு நேரான இடம் விடுதி உணவுக்கூடமே எனலாம். வகுப்பில் சமைக்காத உணவின் பயனை விளக்கும் ஆசிரியர் எதை உண்கிறார் என்பதை மாணவர் நாள்தோறும் காண்கின்றனர். பாடத்திட்டத்தில் இடம்பெறாத இப்பாடம் தேர்வுக்கும் வருவதில்லை.

யாருக்குச் சிகிச்சை என்ற வினா இதைவிடக் கடினமானது. பத்து நாள் உள்நோயாளியாகத் தங்கி மண்பட்டியும் இடுப்புக்குளியலும் பெற வசதியுள்ளோரால் இயலும். இரவுப்பணியும் பகற்பணியும் மாறிமாறிச் செய்யும் நூற்பாலைத் தொழிலாளிக்கு அத்தனை நாள் கூலி இழப்பு. புனே நிலையத்தில் காந்தியடிகள் கண்ட இடர் இதுவே. மாலைநேரப் புறநோயாளிப் பிரிவை ஆலைப்பகுதியில் நடத்துவதா, வளாகத்துள் கட்டண அறைகளைப் பெருக்குவதா என்பது முதல்வரும் நிருவாகமும் எடுக்கும் முடிவு. முதல் வழியைத் தேர்ந்தால், வீட்டில் நோன்பிருப்பவரை நாள்தோறும் சென்று பார்க்கும் பொறுப்பு பயிற்சி மாணவரைச் சேரும். குறள் நான்காவதாகக் கூறும் உடனிருப்பவர் அவரே ஆகிறார்.